முதல்ல வரைபடம், அப்புறம்தான் மனை

(வல்லம் ஒன்றியக் கூட்டத்தில் நம்ம ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.)



 எனக்குக் கொடுத்த நேரம் கம்மி. அதனால பாராட்டு, வாழ்த்து எல்லாம் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு நிலத்தைப் பத்திப் பேசப்போறேன்.

செஞ்சியில பஸ் ஏறி திண்டிவனம் போற வழியில ஜன்னலோரமா உட்கார்ந்து பாருங்க. மல்லாட்டை போட்ட கொல்லை வரும். அடுத்து நெல்லு. அதுக்கும் அடுத்து ஒரு ஆர்ச், கலர் கலரா கொடி, வரிசையா நட்ட கல், "மனைகள் விற்பனைக்கு"ன்னு ஒரு போர்டு. உள்ள வீடு இருக்கான்னு பார்த்தா சீமைக் கருவேலம்தான் இருக்கும். மல்லாட்டையும் இல்ல, வீடும் இல்ல.

ஓட்டு விஷயத்துல நாம எடுக்குற முடிவு அஞ்சு வருஷத்துக்கு. தப்பா போச்சுன்னா அடுத்த தேர்தல்ல மாத்திக்கலாம். ஒரு ஏக்கர் நஞ்சையில கல் நட்டு, பிரிச்சு, முப்பது பேருக்குப் பத்திரம் போட்டாச்சுன்னா, அதை மறுபடி ஒரே வயலா மாத்த எந்த அரசாங்கத்தாலயும் முடியாது. அவ்வளவு பெரிய முடிவை நம்ம ஊர்ல யார் எடுக்குறாங்க? கிராம சபையா? பஞ்சாயத்தா? பெரும்பாலும் ஒரு புரோக்கரும் ஒரு புரமோட்டரும் சேர்ந்து ஒரு டீக்கடையில எடுத்துடுறாங்க. ஊருக்கு போர்டு வெச்ச பிறகுதான் தெரியுது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் வளர்ச்சிக்கு எதிரி கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சவன் நான். என்கூட படிச்ச பசங்கள்ல பாதிப் பேர் சென்னையில ஷேரிங் ரூம்ல இருக்காங்க. நம்ம பக்கம் கம்பெனி வரணும், ரோடு வரணும், ரயில் வரணும். எங்க வரணும், எந்த வரிசையில வரணும், அதை யார் முடிவு பண்ணணும் என்பதுதான் என் கேள்வி.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

நம்மைச் சுத்தி நடக்குறதைப் பாருங்க. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரின்னு போற தேசிய நெடுஞ்சாலை 77 நம்ம பகுதி வழியாத்தான் போகுது. திண்டிவனத்துல சிப்காட் உணவுப் பூங்கா. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை பல வருஷமா பேச்சுல இருக்கு. இதோட சேர்த்து, 2025 ஜூலை 11 அன்னைக்கு யுனெஸ்கோ நம்ம செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியல்ல சேர்த்துச்சு. மராட்டிய ராணுவ நிலக்காட்சின்னு மொத்தம் 12 கோட்டை. 11 மகாராஷ்டிராவுல, தமிழ்நாட்டுல இருக்குறது நம்ம செஞ்சி ஒண்ணுதான்.

ரோடு, தொழில், சுற்றுலான்னு மூணும் ஒரு இடத்தை நோக்கி வந்தா அங்க நிலத்து விலை ஏறும். விலை ஏறுறது நல்லதுதான், தப்புன்னு சொல்லல. ஆனா வரைபடம் இல்லாத இடத்துல விலை ஏறினா, முதல்ல போறது ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற ஓடை, அடுத்து மேய்க்கால், அதுக்கு அடுத்து நஞ்சை. ஏன்னா அதுதான் சமதளமா, ரோட்டோரமா, சுலபமா கிடைக்குது.

இன்னொரு வல்லம் சொல்ற பாடம்

நம்ம பேர்லயே இன்னொரு வல்லம் இருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல. அங்க இருக்குற வல்லம்–வடகால் சிப்காட்டை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். ராயல் என்ஃபீல்டு ஆலை அங்க 2017-ல உற்பத்தியைத் தொடங்குச்சு. அந்த வட்டாரம் முழுக்க இன்னைக்கு பைக், கார், போன்னு என்னென்னவோ தயாராகுது. வேலை கிடைச்சது உண்மை, யாரும் மறுக்க முடியாது.

ஆனா வரிசையைப் பாருங்க. ஆலை முதல்ல வந்துச்சு. ஆயிரக்கணக்குல பொண்ணுங்க நம்ம மாதிரி மாவட்டங்கள்ல இருந்து அங்க வேலைக்குப் போனாங்க. அவங்க எங்க தங்குவாங்க, என்ன சாப்பிடுவாங்க, கழிவுநீர் எங்க போகும்னு யாரும் வரைபடத்துல இடம் ஒதுக்கல. 2021 டிசம்பர்ல விடுதிச் சாப்பாட்டால பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்து, மத்தவங்க சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்து மறியல் பண்ணது ஞாபகம் இருக்கும். அதுக்கு அப்புறம், 2024 ஆகஸ்ட்லதான் வல்லம்–வடகால்ல 18,720 பேர் தங்குற குடியிருப்பு திறந்தாங்க. கட்டினது நல்ல காரியம். அதே காரியம் ஆலைக்கு முன்னாடியே வரைபடத்துல இருந்திருந்தா அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உட்கார வேண்டிய நிலை வந்திருக்குமா?

அந்த வல்லத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகு நமக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய்ப்பே இல்ல. அதுதான் பின்னாடி வர்ற ஊருக்கு இருக்குற ஒரே லாபம்.

தண்ணிக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர்னா ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அதுல 10 சென்டிமீட்டர் மழை பெய்தா விழுற தண்ணி சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரின்னா 33 லாரி. வயலா இருந்தா வரப்பு கொஞ்சம் நிறுத்தும், மண் கொஞ்சம் குடிக்கும், மிச்சம் வாய்க்கால் வழியா ஏரிக்குப் போகும். அந்த வயலுக்கு செம்மண் கொட்டி மூணு அடி உசத்தி, குறுக்க தார் ரோடு போட்டா? தண்ணி மாயமா மறையாது. பக்கத்து காலனிக்குள்ள போகும்.

2024 நவம்பர் 30, டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல். நம்ம பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. இப்போ அந்தக் கணக்கை அஞ்சால பெருக்குங்க. ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். சங்கராபரணியும் தென்பெண்ணையும் அந்த நாட்கள்ல எப்படி ஓடுச்சுன்னு விழுப்புரம் மாவட்டத்துல யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்ல. அதே டிசம்பர் 1 அன்னைக்கு திருவண்ணாமலை வ.உ.சி. நகர்ல மலைச்சரிவுல மண் சரிஞ்சு வீடு புதைஞ்சு 7 பேர் செத்துப் போனாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க. மழை பெய்யறது இயற்கை. சரிவுல, ஓடையில, ஏரி உள்வாயில வீடு கட்ட வேண்டிய நிலைமைக்கு ஏழை ஜனங்களைத் தள்ளுறது திட்டமில்லாத வளர்ச்சி. வசதி இருக்குறவன் மேட்டுல வாங்கிடுவான். பள்ளத்துல மாட்டிக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும்.

நம்ம கோட்டையையே எடுத்துக்கோங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு மலையைச் சேர்த்து மதில் கட்டினவங்க தண்ணியை மறக்கல. செட்டிக்குளம், சக்கரக்குளம் இன்னைக்கும் இருக்கு. கல்யாண மகாலுக்கு மண் குழாய் வழியா தண்ணி கொண்டு போயிருக்காங்க. நெல் சேர்த்து வைக்க பெரிய களஞ்சியம். சண்டை வந்தா எத்தனை மாசம் தாங்கும்னு கணக்குப் போட்டு ஊரை அமைச்சிருக்காங்க. இன்னைக்கு நாம லே-அவுட் போடுறப்ப, போர் போட்டா தண்ணி வருமான்னு கூட பார்க்காம புக்கிங் வாங்குறோம்.

சட்டம் இருக்கா? இருக்கு

பல பேர் நினைக்கிறது, "என் நிலம், என் இஷ்டம், யார் கேட்க முடியும்?" கேட்க முடியும். 1971-லயே தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துச்சு. அதன்படி ஒரு பகுதிக்கு முழுமைத் திட்டம் போடலாம். இது குடியிருப்பு, இது விவசாயம், இது தொழில், இது நீர்நிலைன்னு சர்வே எண் வாரியா குறிக்கலாம். வரைவை வெளியிட்டு, மக்கள்கிட்ட ஆட்சேபணை கேட்டுட்டுத்தான் இறுதி பண்ணணும்.

முழுமைத் திட்டத்துக்குள்ள வராத கிராமங்களுக்கும் 2017-ல விதி வந்திருக்கு. விவசாய நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்த அனுமதி வாங்கணும். நஞ்சைன்னா மாவட்ட ஆட்சியர் இசைவு வேணும். 2.5 ஏக்கர் அளவுக்கு மேல, அதாவது 10,000 சதுர மீட்டரைத் தாண்டின லே-அவுட்னா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தை பூங்கா, விளையாட்டு இடம்னு திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தான பத்திரம் எழுதித் தரணும். 500 சதுர மீட்டரைத் தாண்டினா ரெரா பதிவு கட்டாயம்.

அப்புறம் ஏன் அங்கீகாரம் இல்லாத மனை வந்துச்சு? காசுக் கணக்குதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 30-க்கு 40 மனைன்னா 1,200 சதுர அடி. ரோடே விடாம வெட்டினா 36 மனை. ஒழுங்கா ரோடு, பூங்கா விட்டா 22, 23 தான் தேறும். அந்த 13 மனைதான் விஷயம். அந்த 13 மனைக்காக ரோடு குறுகும், வாய்க்கால் காணாம போகும், பூங்கான்னு படத்துல இருந்த இடத்துல கடைசியில ஒரு வீடு நிக்கும்.

2016 செப்டம்பர் 9 அன்னைக்கு சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு இடைக்காலத் தடை போட்டப்ப தமிழ்நாடே ஸ்தம்பிச்சுது. யார் மாட்டினாங்க? வித்துட்டுப் போனவன் இல்ல. சீட்டுப் பணம், நகை அடகு, வெளிநாட்டுச் சம்பளம்னு போட்டு வாங்கின சாதாரண குடும்பம். 2017 மே மாசம் வரன்முறை விதி வந்துச்சு. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த மனைக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்தலாம்னாங்க. நீர்நிலையில இருக்குற மனைக்கு அதுவும் கிடையாது. அதாவது புரமோட்டர் விட்ட ரோட்டுக்கும் பூங்காவுக்கும் உண்டான காசை, கடைசியில வாங்கினவன் கட்டினான்.

பஞ்சாயத்துக்கும் இதே கதைதான். 300 மனை போட்ட இடத்துல 15 வீடு மட்டும் வந்திருக்கும். அந்த 15 வீட்டுக்கும் தெருவிளக்கு, குடிதண்ணி பைப், குப்பை வண்டி எல்லாம் போகணும். ஊரை ஒட்டி வீடு வந்திருந்தா அதே செலவுல 150 வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

மத்தவங்க என்ன பண்ணாங்க?

கேரளாவுல 2008-ல நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க. அதுல ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் எது எது நெல்வயல்னு ஒரு பட்டியல் தயார் பண்ணணும். பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அதிகாரி, கிராம அதிகாரி, விவசாயிகள் பிரதிநிதின்னு உள்ளூர்க் குழு இருக்கும். அங்கயும் பட்டியல் தப்பு, வழக்கு, சண்டை எல்லாம் உண்டு. ஆனா சண்டை போட கையில ஒரு பட்டியலாவது இருக்கு.

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம் 1973-லயே ஒரு சட்டம் போட்டுச்சு. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுத்தி ஒரு வளர்ச்சி எல்லைக்கோடு வரையணும். கோட்டுக்கு உள்ள நெருக்கமா கட்டு, வெளிய பண்ணையும் காடும். முதலாளித்துவ நாடுன்னு சொல்ற இடத்துலயே அம்பது வருஷமா இது நடக்குது.

நம்ம மாநிலத்துல 2020-ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சாங்க. அது நல்ல விஷயம். ஆனா அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு மாதிரி குறிப்பிட்ட தொழில்களைத் தடுக்குது, மனை போடுறதை இல்ல. அதோட அது டெல்டாவுக்கு மட்டும். ஏரியையும் கிணத்தையும் நம்பி மல்லாட்டையும் நெல்லும் போடுற நம்ம வல்லத்துக்கு அந்த அளவுக்குக் கூட குரல் கொடுக்க ஆள் இல்ல. அந்தக் குரலா நாமதான் இருக்கணும்.

நிலத்தை விக்கிற விவசாயியை என்ன சொல்றது?

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டார். "தம்பி, மல்லாட்டை மூட்டை விலை என்னன்னு தெரியுமா? களை எடுக்க ஆள் கூலி தெரியுமா? என் நிலத்தை விக்காதன்னு சொல்ல நீ யாரு?" நியாயமான கேள்வி. பொண்ணு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரி செலவுக்கோ விக்கிற மனுஷனை வில்லனாக்குற அரசியல் நமக்கு வேணாம்.

ஆனா அவருக்கும் இந்தத் திட்டம் லாபம்தான். எப்படின்னா, இன்னைக்கு அவர் ஏக்கர் விலைக்கு விக்கிறார், அதே நிலத்தை புரமோட்டர் சதுர அடி விலைக்கு விக்கிறார். நடுவுல உள்ள வித்தியாசம் ஊருக்கு வராது. குஜராத்துல 1976-ம் வருஷச் சட்டப்படி அகமதாபாத் சுத்தி என்ன பண்றாங்கன்னா, ஒரு பகுதி விவசாயிகள் நிலத்தை மொத்தமா சேர்த்து, ரோடு, பள்ளிக்கூடம், பூங்காவுக்கு ஒரு பங்கு எடுத்துட்டு, மிச்சத்தை ஒழுங்கான மனையா அதே விவசாயிகள் பேர்லயே திருப்பிக் கொடுக்குறாங்க. நிலம் அளவுல குறையும், மதிப்புல ஏறும். ஏறின மதிப்பு நிலத்துக்காரர்கிட்டயே நிக்கும். எங்க வீடு வரலாம்னு முன்னாடியே கோடு போட்டாத்தான் இது நடக்கும். கோட்டுக்கு வெளிய இருக்குற விவசாயிக்கு நியாயமான விலை, கொள்முதல், பாசனம். இந்த ரெண்டாவது பாதியைக் கேட்காம முதல் பாதியை மட்டும் கேட்டா அது ஏமாத்து வேலை. ரெண்டையும் சேர்த்தே கேட்போம்.

கோட்டையைச் சுத்தியும் இதே நியாயம்தான். தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்துல இருந்து 100 மீட்டருக்கு உள்ள புதுசா கட்டக்கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதியோடதான் கட்டணும். அந்த எல்லைக்குள்ள காலங்காலமா இருக்குற குடும்பங்களுக்கு வீட்டை ரிப்பேர் பண்ணவே அலைச்சல். அதே சமயம் எல்லைக்கு வெளிய கண்ணு முன்னாடி லாட்ஜ், மனைன்னு நெருக்கினா யுனெஸ்கோ பட்டியலுக்கே அர்த்தம் இல்ல. பஸ் எங்க நிக்கும், பார்க்கிங் எங்க, கடை போடுற உள்ளூர் ஜனங்களுக்கு இடம் எங்கன்னு இப்பவே குறிக்கணும்.

நாம என்ன கேட்கணும்?

ஒரே கோரிக்கை: செஞ்சியையும் வல்லம் ஒன்றியக் கிராமங்களையும் சேர்த்துப் பார்க்குற ஒரு நிலப் பயன்பாட்டுத் திட்டம். தமிழ்ல, சர்வே எண்ணோட, ஊர் மந்தையில ஒட்டி, மக்கள் கருத்து கேட்டு. அது வர்றதுக்கு நாம செய்ய வேண்டிய வேலை நாலு.

1. உங்க கிராமம் ஏதாவது திட்டப் பகுதிக்குள்ள வருதா, வரைவு ஏதும் இருக்கான்னு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய். 30 நாள்ல பதில் தரணும்.

2. ஊர்ப் பட்டியல் தயார் பண்ணுங்க. ஏரி, குட்டை, வரத்து வாய்க்கால், கலங்கல், ஓடை, மேய்க்கால், களம், சுடுகாடு. ஒவ்வொண்ணுக்கும் சர்வே எண், பரப்பு. அ-பதிவேட்டை ஆன்லைன்லயே பார்க்கலாம். புலப்படத்தையும் எடுங்க. பெரியவங்களைக் கூட்டிட்டு நேர்ல போய், போன்ல லொகேஷனோட போட்டோ எடுங்க. காகிதத்துல இருக்குற வாய்க்கால் தரையில இருக்கான்னு அவங்களுக்குத்தான் தெரியும். இந்த வேலைக்கு ஐ.டி. விங் பசங்க எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வருவோம். மேப் போட்டுத் தர்றது எங்க பொறுப்பு.

3. அந்தப் பட்டியலை கிராம சபையில தீர்மானமா வைங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள். தீர்மானம் போட்டா மட்டும் லே-அவுட் நின்னுடாது, உண்மைதான். ஆனா நாளைக்கு ஆட்சியர் முன்னாடியோ கோர்ட்லயோ நிக்கிறப்ப, "இந்த ஊர் அன்னைக்கே சொல்லுச்சு"ங்கிறதுக்கு அதுதான் ஆதாரம். நகல் கேட்டு வாங்கி வைங்க.

4. மனை வாங்கப் போற சொந்தக்காரங்களுக்குச் சொல்லுங்க. தங்கக் காசு, இலவசப் பத்திரம், ஞாயித்துக்கிழமை வேன், பிரியாணி எல்லாம் அப்புறம். முதல்ல நகர் ஊரமைப்பு அங்கீகார எண், ரெரா எண், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம். எண்ணை போர்டுல பார்த்தா பத்தாது, ரெரா இணையதளத்துல போட்டுப் பாருங்க. மழைக் காலத்துல ஒரு தடவை அந்த இடத்தை நேர்ல பாருங்க.

இதுல கட்சி பேதம் பார்க்காதீங்க. வாய்க்காலை அடைச்சவர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் பட்டியல்ல அந்த சர்வே எண் வரணும். அதை விட்டுட்டா அடுத்த ஊர்ல போய் பேச நமக்கு வாய் இருக்காது.

விழுப்புரம் மாவட்டத்துல 13 ஒன்றியம் இருக்கு. தன் கையால தன் வரைபடத்தைத் தயார் பண்ண முதல் ஒன்றியம் வல்லம்னு பேர் வரணும். அடுத்த கிராம சபைக்கு முன்னாடி ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல். உங்க ஊர்ல யார் பொறுப்பு எடுத்துக்குறீங்க? ஊர் பேரை மட்டும் கமெண்ட்ல போடுங்க, நாங்க தொடர்பு கொள்றோம்.



#முதல்ல_வரைபடம் #வல்லம் #செஞ்சி